இன்மைக் கருதுகோள்

முதலில் எழுதியது இது:
"இரவு ஷிப்ட் அப்பாக்களின் மகள்கள்
கணக்கில் குறைவாகவே எடுப்பார்கள்."
திசை இருக்கிறது, அம்பு கீழே பார்க்கிறது,
இவ்வளவு உறுதி எங்கிருந்து வந்தது
என்று சிவப்பில் கேட்டிருந்தார் நெறியாளர்.

அம்பை ஒடித்துவிட்டு எழுதினேன்:
"வேறுபாடு உண்டு."
கூடவா குறையவா, சொல்லவில்லை.
சாலை நடுவில் நின்று
இரு பக்கமும் பார்ப்பவள் போல.

படிவம் கேட்டதோ மூன்றாவதை:
"குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏதுமில்லை."
நம்பாத ஒன்றை முதலில் எழுதி வைத்து
அதைக் கவிழ்க்க ஒரு வருடம் உழைக்க வேண்டுமாம்.
பழக்கம்தான் எனக்கு.
வெள்ளிதோறும் போனில் அண்ணன் கேட்பான்,
குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?
ஒண்ணுமில்ல.

ஜுபைல். பெண்கள் பிரிவு, ஏழாம் வகுப்பு.
அறுபத்து நான்கு வினாத்தாள்கள்.
அப்பா வீட்டில் விழித்திருப்பது எத்தனை மணி நேரம்?
நஸ்ரின் எழுந்து நின்றாள்:
"தெரியாது மிஸ், நான் தூங்கிடுவேன்."
ஜெனிஷா "வெள்ளி" என்று எழுதியிருந்தாள்,
எண் கேட்ட இடத்தில் கிழமை.
எந்தக் கட்டத்தில் போடுவது அதை?
ஜன்னலுக்கு அப்பால் ஆலைச் சுடர்
பகலென்றும் இரவென்றும் பாராமல் எரிந்தது.

பிப்ரவரியில் இரண்டாம் தேர்வு.
ஐம்பத்தேழு பேர்.
ஏழு அப்பாக்களுக்கு ஃபைனல் எக்சிட்
அடித்துவிட்டது கம்பெனி.
ஏழில் ஆறு இரவு ஷிப்ட்.
ஜெனிஷாவின் ஜியோமெட்ரி பாக்ஸ் என் மேஜையில்,
உள்ளே காம்பஸ் மட்டும் இல்லை.

லேப்டாப் ஒரு நொடியில் முடித்தது.
டி-மதிப்பு, பி-மதிப்பு, எல்லாம் சுத்தம்.
இன்மைக் கருதுகோளை நிராகரிக்க முடியவில்லை.
"ஏற்கப்பட்டது" என்று எழுதிவிடாதீர்கள், என்றார் நெறியாளர்,
முடியவில்லை என்பதே சரி.
சரி.

மிஞ்சியவர்களுக்குள் வேறுபாடில்லை.
வேறுபாடு தம்மாமில் விமானம் ஏறிவிட்டது,
முப்பது கிலோ லக்கேஜோடு.
"ஆய்வின் வரம்புகள்" என்ற தலைப்பின் கீழ்
அதற்கு இரண்டு வரி இடம் தருவார்கள்.

ஆறு நாற்பதுக்குச் சாவி திரும்புகிறது.
ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்,
சின்னவள் விழித்துவிடக் கூடாதென்று.
அவளை மாதிரியில் சேர்க்கவில்லை நான்,
சேர்க்கவும் கூடாது.

"முடிச்சிட்டியா? என்ன வந்துச்சு?"

டீ போடட்டுமா, என்றேன்.