ஜனவரி மாத ஊழிய அறிக்கை

கர்த்தருக்குள் பிரியமான பங்காளர்களுக்கு, என்று எழுதிவிட்டு
கையை ஹீட்டர் பக்கம் நீட்டினேன்.
கரண்ட் இல்லை.

ஊழியம் அவருடையது, கையெழுத்து என்னுடையது.
படிவத்தில் நான்கு கட்டங்கள்:
சந்தித்த வீடுகள், கொடுத்த கைப்பிரதிகள்,
கூடிவந்தோர், ஆத்துமாக்கள்.
ஞாயிறு காலை கட்டிலைச் சுவரோடு நிமிர்த்திவிட்டால்
முன்னறையில் பதினொரு பேர் உட்காரலாம்.
அதில் நாங்களே நாலு பேர்.
எங்களைச் சேர்க்கலாமா என்று
படிவம் சொல்லவில்லை.

சங்கம் விஹாரில் இது மூன்றாவது குளிர்காலம்.
தோசை மாவைக் கரைத்து
ஆசேரின் பழைய ஸ்வெட்டரைச் சுற்றி வைத்து
இரண்டு நாள் ஆயிற்று. புளிக்கவில்லை.
இதை எழுத முடியாது.
எமிமா கனவில் இந்தியில் சண்டை போடுகிறாள்,
அதையும் எழுத முடியாது.

எழுத முடியாதது இன்னொன்று.

நமக்கு ஒரே ப.
இந்தியில் பாவத்துக்கு ஒரு ப, தகப்பனுக்கு வேறொரு ப.
அவர் பிரசங்கத்தை
வங்கி கொடுத்த டைரியில்
தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கிறவர்.
டிசம்பரில் ஒரு ஞாயிறு, கைகளை உயர்த்தி,
பரமண்டலத்திலிருக்கிற எங்கள் பாவமே என்றார்.
எமிமா பாயில் முகம் புதைத்துச் சிரித்தாள்.
ராத்திரி அவரைப் பிடித்து உட்காரவைத்தாள்:
தொண்டையில் விரலை வைங்கப்பா.
அதிர்ந்தால் தகப்பன்,
அதிராவிட்டால் பாவம்.

ஞானசிகாமணி போதகர் ஒரு மாதம்
தொண்டையில் விரலோடு அலைந்தார்.

ஜனவரி இரண்டாம் ஞாயிறு.
பனியில் எதிர்வீட்டுக் கதவே தெரியவில்லை.
கம்லேஷ் ஜெபத்துக்கு வரவில்லை,
இரவல் வாங்கிய ஹோஸ் பைப்பைத் திருப்பித்தர வந்தாள்.
டாங்கர் தாமதம் என்பதால் வாசல் ஓரம் உட்கார்ந்தாள்,
முக்கால் முகம் சால்வைக்குள்.
அவர் நன்றாகப் பழகிய அதிர்வோடு
அவளைப் பார்த்தே சொன்னார்,
பாவம் என்று நினைத்துக்கொண்டு:

உன் தகப்பன் மன்னிக்கப்பட்டான்.

யாரும் சிரிக்கவில்லை.
எமிமாகூட.

மறுநாள் சாயங்காலம் என் அடுக்களையில் நின்றாள்.
யார் மன்னித்தது? என்றாள்.
என்னைக் கேட்டார்களா?
பதினாலு வயதில் என்னை ஒருவனுக்குக் கொடுத்து
டிராக்டர் கடனை அடைத்தவர்.
அது முடிந்துபோனதென்று
உன் வீட்டுக்காரருக்கு யார் சொன்னது?

அது உச்சரிப்புப் பிழை என்று
சொல்லியிருக்க வேண்டும்.
அந்த உண்மையைச் சொல்லும் அளவுக்கு
என்னிடம் இந்தி இல்லை.
இருந்திருந்தாலும்
சொல்லியிருப்பேனா, தெரியாது.
டீ போட்டுக் கொடுத்தேன்.
இஞ்சி அதிகம் என்றாள். முழுக்கக் குடித்தாள்.

வியாழக்கிழமை டாங்கர் வந்தது.
சந்து முழுக்க டிரம்மும் சத்தமும்.
பைப் அவள் கையில் இருந்தது.
போன் போட்டேன், என்றாள் என்னைப் பார்க்காமல்.
பேசவில்லை.
யாரு, யாரு, யாருன்னு மூணு தரம் கேட்டார்.
நடுவில் இருமினார்.
வைத்துவிட்டேன்.
பிறகு பைப்பைத் தூக்கி
என் டிரம்மில் முதலில் போட்டாள்.

அதற்கப்புறம் எந்த ஞாயிறும் அவள் வரவில்லை.

கடைசிக் கட்டத்தில் என்ன போடட்டும் என்றேன்.
அவர் ஜன்னல் பக்கம் திரும்பி
பூஜ்யம்தான், என்றார் மெல்ல.
தான் என்ன சொன்னார் என்பது
அவருக்கு இன்னும் தெரியாது.
எமிமா என்னைப் பார்த்தாள்.
நான் அவளைப் பார்க்கவில்லை.

பூஜ்யத்தைப் போட்டேன். மெல்லிசாக.
கீழே ஜெபக் குறிப்பில்
நானாக ஒரு வரி சேர்த்தேன்:
எட்டாவாவில் ஒரு தகப்பனுக்கு இருமல்.

நாசரேத்தில், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில்,
இருபது பெண்கள் முக்காடிட்டு
அந்த ஆளின் நெஞ்சுச் சளிக்காக
முழங்காலில் நிற்பார்கள்.
பேர் என்ன என்று கேட்டு யாராவது எழுதினால்
தெரியாது என்பேன்.
அவள் சொல்லவில்லை.