ஏழாம் எண் பொத்தான்

அபூ ஷகாராவில் எங்கள் கட்டடத்துக்கு
ஒரே ஒரு லிஃப்ட்.
கார்கோ பெட்டிகளும் நாங்களும் அதில்தான்.
தஸ்னீம் எனக்குள் எள்ளளவாய் இருந்த வாரம்
ஏழாம் மாடி வருவதற்குள் குமட்டியது.
லிஃப்ட்டைத்தான் திட்டினேன்.

பிறகு ஸ்கேன் அறை, வயிற்றில் சில்லென்ற களிம்பு.
திரையில் ஒரு கடலைப்பருப்பு.
அதன் நடுவில் என்னவோ விட்டுவிட்டு மின்னியது,
பழுதான கடைப் பலகையில் ஒற்றை பல்ப் மாதிரி.
"முகம் வந்துடுச்சா?" என்று கேட்டார் இவர்.
முதலில் இதயம்தான், முகத்துக்கு அவசரமில்லை என்றாள்
மணிலாக்காரப் பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஐந்தாம் மாதம் தாண்டினால் காது கேட்குமாம்.
நான் யாசீன் ஓதினேன்.
இவர் ரிக்கிலிருந்து போன் செய்து
என் வயிற்றில் வைக்கச் சொன்னார்;
காற்றுதான் அதிகம் பேசியது.
உண்மையில் அவள் எதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது
ஆகஸ்டில் ஓரிரவு மின்சாரம் போனபோது தெரிந்தது.
பதினெட்டு நாள் பிள்ளை.
ஏசியின் உறுமல் நின்றதும்
வியர்ப்பதற்கு முன்பே வீறிட்டாள்,
தாலாட்டை யாரோ பாதியில் பிடுங்கிக்கொண்டதைப்போல.

இருபத்தெட்டு நாள் கடலில்,
இருபத்தெட்டு நாள் வீட்டில் அவள் வாப்பா.
முதல் சில மாதங்கள் அது அவளுக்கு ஒன்றுமே இல்லை.
துணிக்கடியில் போன கிலுகிலுப்பை
உலகத்தைவிட்டே போய்விடும்.
வாப்பாவும் அப்படித்தான்.
ஒன்பதாம் மாதம் ஒருநாள் துணியை இழுத்தாள்,
கிலுகிலுப்பை அங்கேயே இருந்தது.
சிரித்தாள்.
அதே வாரம் இவர் பையைத் தூக்கிக்கொண்டு போனதும்
மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பார்த்துக்கொண்டே இருந்தாள்.
நான் கைதட்டியும் திரும்பவில்லை.

லிஃப்ட்டில் அவள் உயரத்துக்கு முதலில் எட்டியது
மஞ்சள் மணிப் பொத்தான்.
வயது இரண்டரை.
லுங்கியை மடித்துக் கட்டியபடி ஓடிவந்தார்
வாட்ச்மேன் மொஷியுர்.
அவரிடம் இந்தியில் ஏதோ சொன்னாள்.
எதிர்வீட்டு ஷைனியிடம் மலையாளம்,
என்னிடம் தமிழ்;
யாரிடம் எதை எடுப்பது என்று
யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நாலு வயதில் முதல் பொய்.
டப்பாவில் பேரீச்சம்பழம் இல்லை, வாயெல்லாம் பிசுபிசுப்பு.
"நானில்லம்மா, பூனை."
எங்கள் வீட்டில் பூனை கிடையாது.
முகத்தை இறுக்கி அதட்டிவிட்டு
அடுக்களையில் போய் நின்று சிரித்தேன்.
தனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது என்பதை
என் மகள் கண்டுபிடித்துவிட்டாள்.
எவ்வளவு பெரிய விஷயம் அது,
எவ்வளவு தனியான விஷயம்.

ஐந்து வயதில்
அகலக் கிண்ணத்து லபனை நெட்டைக் கிளாஸில் ஊற்றினால்
"இதுலதான் நிறைய" என்பாள்.
சண்டை வேண்டாம் என்று
தினமும் கிளாஸிலேயே ஊற்றினேன்.
ஏழு வயதில் ஒருநாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து,
"ரெண்டும் ஒண்ணுதானே உம்மா" என்றாள்.
எனக்குத்தான் ஒரு வித்தை போயிற்று.

இப்போது எட்டு.
குளியலறைக் கதவைத் தாழிடுகிறாள்.
விழுந்த பல்லை எங்கே வைத்திருக்கிறாள் என்பது
அவளுக்கும் நிஹ்லாவுக்கும் மட்டுமே தெரியும்.
ஏழாம் எண் பொத்தானைப் பார்க்காமலே அழுத்துகிறாள்.

நேற்று இரண்டு கையிலும் காய்கறிப் பை.
லிஃப்ட்டுக்குள் ஏறியவள் சட்டென்று குதித்து வெளியேறி,
"நீ இதுல வா, நான் படியில.
யாரு ஃபர்ஸ்ட்னு பாப்போம்!"
கதவு மூடியது.
பெட்டிக்குள் நான் மட்டும்.

மூன்றாம் மாடியில் நின்றது.
திறந்த கதவுக்கு வெளியே யாருமில்லை.
நான்காம் மாடியிலும் நின்றது.
எங்கோ மேலே தடதடவென்று காலடி,
அடக்க முடியாத சிரிப்பு.
ஐந்தில் கதவு திறந்தபோது
அவள் செருப்பு ஒன்று கவிழ்ந்து கிடந்தது.
பையோடு குனிந்து எடுத்துக்கொண்டேன்.
ஏழை அழுத்தப் போனேன்.
அது எரிந்துகொண்டிருந்தது;
குதிப்பதற்கு முன்பே
எனக்காக அழுத்திவிட்டுப் போயிருக்கிறாள்.