பிச்சியும் மற்றதும்

காலை ஏழரைக்கே வந்துவிடுவார்கள்.
கறுப்புக் கவர், அதற்குள் பேப்பர்,
அதற்குள் இன்னொரு கவர், கடைசியாக டப்பா.
என்ன என்று நான் கேட்பதில்லை.
களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
மாடியில் எங்கள் லேப்.
இந்த ஊரில் அநேகமாக எல்லோரும்
ஒருமுறையாவது என்னிடம் கூசியிருக்கிறார்கள்.

ராசாலம் கூசவில்லை.
தோவாளையில் இருட்டோடு மூட்டை ஏற்றி
திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் இறக்கிவிட்டு
திரும்புகிற வழியில் படியேறி வந்தார்.
வண்டிவாசம் அவருக்கு முன்னால் வந்தது.

எப்போது எடுத்தது என்றேன்.
"பாறசாலை பம்புல. அரை மணிக்கூர் ஆகல்ல.
தின்னது தமிழ்நாட்டில, எறங்கினது கேரளத்தில.
எந்தக் கணக்குல எழுதுவே, ஜெஸ்லின்?"

மூன்று நாளாகப் போகிறதாம்.
சீட்டின் ஓரத்தில் டாக்டர் சிறுத்த எழுத்தில்
கிரியேட்டினின் ஒன்பது புள்ளி இரண்டு என்று குறித்திருந்தார்.
செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ்.
ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் வெள்ளம்.
மத்தி குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள்,
குறைக்கவில்லை.

டிரிப்டோஃபான் கரைத்த குழம்பில்
ஒரு துளி விட்டு, ராத்திரி முழுக்கச் சூட்டில் வைத்து
மறுநாள் மஞ்சள் மருந்து ஐந்து சொட்டு.
மேலே மிதந்தது
பாக்கு மென்ற உதடு போல ஒரு சிவப்பு வளையம்.

எல்லோருக்கும் வரும் சிவப்புதான்.
மீனிலும் முட்டையிலும் இருக்கிற அந்த அமிலத்தை
குடலின் கடைசி வளைவில் கோடிக்கணக்கான பேர்
முறித்துத் தின்று
இண்டோலைத் துப்பிவிட்டுப் போகிறார்கள்.
அவர்களுக்கு ராசாலத்தைத் தெரியாது.
அளவாக இருந்தால் அதுவே
குடல் சுவரில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே
சாந்து பூசுகிறது.
மிச்சம் கல்லீரலுக்குப் போய்ப் பெயர் மாற்றிக்கொண்டு
சிறுநீரகத்தின் வழியே வெளியேற வேண்டும்.

அந்தக் கதவுதான் அவருக்கு இல்லை.
மெஷின், தனியே நடந்து வருகிறவனைப் பிடிக்கும்.
ஆல்புமினின் இடுப்பைக் கட்டிக்கொண்டு வருகிறவனை
பெரும்பாலும் விட்டுவிடும்.
நான்கு மணி நேரம் சுற்றியும்
அவன் ரத்தத்திலேயே இருக்கிறான்,
ரத்தக்குழாயை உரசிக்கொண்டு,
இதயம் வரை.

இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
ரிப்போர்ட் எழுதுகிறவள் அவ்வளவு பேசக் கூடாது.
வேறொன்றைத்தான் சொன்னேன்,
ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை:
ஒங்க வண்டியில மணக்கிறதுலயும்
ஒங்க டப்பாவுல நாறினதுலயும்
ஒரே சாதனம் இருக்கு.
கொஞ்சமா இருந்தா பிச்சி.
நிறைய இருந்தா மற்றது.

சிரிப்பார் என்று நினைத்தேன்.
சிரிக்கவில்லை, ஆச்சரியமும் இல்லை.
"இருவத்தாறு வருசமா பூ ஏத்துறேன் பிள்ளே.
விக்காத மூட்டைய மூணாம் நாள் பிரிச்சுப் பாத்திருக்கியா?
எனக்க பெஞ்சாதி சொல்லுவா,
பூச் சட்டையும் பீத்துணியும் ஒண்ணா ஊறப்போட மாட்டேன்னு.
இனி போடச் சொல்லணும்."

பிறகு கையை நீட்டிப் பார்த்துக்கொண்டார்.
ஃபிஸ்டுலா போட்ட கை. நரம்பு
கயிறு மாதிரி புடைத்துத் துடித்தது.
"அப்போ எனக்குள்ள மூட்டை
இறக்க ஆளில்லாம நிக்குது, இல்லியா?"

நோய்க்கிருமி வளரவில்லை.
இயல்பான குடல் நுண்ணுயிர்கள்.
தமிழிலும் மலையாளத்திலும் முத்திரை குத்தினேன்,
நானூற்றைம்பது வாங்கினேன்.
சில்லறை வேண்டாமென்று
மேசையில் ஒரு பிடி பிச்சியை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.
படியில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினார்,
சத்தம் கேட்டது.

ஃபிரிட்ஜின் கதவில்
'உணவுப் பொருள் வைக்காதீர்' என்று ஒட்டியிருக்கிறது.
பூவைப் பற்றி ஒன்றும் இல்லை.
நாளைய டப்பாக்களுக்கு மேல் தட்டில் வைத்தேன்.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
ஐந்துக்கு வந்தது.
திறந்தேன்,
கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்,
மூடினேன்.