வியாழக்கிழமைப் பெண்கள்

சேரம்பாடியில் மழை தொடங்கி நாலு நாள்.
செக்ரோல் புத்தகம் ஓரம் ஊறிப் பருத்திருந்தது.
ஓய்வு பெறுவோர் பட்டியல் கேட்டிருந்தார்கள்:
பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி.

வெள்ளையம்மா, 1-7-1948.
அங்கம்மா, 1-7-1948.
பேச்சாயி, 1-7-1948.
மேல் வரியையே என் கை
திரும்ப எழுதுகிறதென்று நினைத்தேன்.

முப்பத்தொரு பேர்.
ஒரே நாளில் பிறந்து
ஒரே நாளில் ஐம்பத்தெட்டை முடிக்கிறார்கள்.
சீரங்காயியும் அவள் தங்கை மூக்காயியும்கூட:
ஏழு வருஷ இடைவெளியில் பிறந்த
இரட்டையர்.

கொழுந்து மடுவத்தில் நிறுவைக்கு நின்றவர்களைக் கேட்டேன்.
சிரித்தார்கள்.
"எழுவத்தாறுல கப்பல் விட்டு எறங்கி
மண்டபம் முகாம்ல வரிசையில நின்னோம்.
எப்பப் பொறந்தேன்னாரு.
கொப்புளம் விழுந்து தேயிலை கருகுன வருசம்னேன்.
எழுதல."

"எனக்கு, ஆறாம் நம்பர் மலையில
கவ்வாத்து வெட்டுன மாசம்.
அதையும் எழுதல."

அங்கம்மா சொன்னாள்:
"எங்காத்தா பிரட்டுக்குப் போகாத
ஒரே ஒரு நாளு சார், நான் பொறந்த நாளு."

பேனாவை மூடி வைத்தேன்.
மஸ்கெலியா பக்கம் ஏதோ ஒரு ஆபீஸ் பரணில்
என்னைப் போல ஒருவன்
அவள் தாயின் பெயருக்கு நேரே கிழித்த 'வரவில்லை'
இன்னும் இருக்கலாம்.
கரையான் தின்றும் இருக்கலாம்.
அவள் பிறந்ததற்கு உலகில் அது ஒன்றே சாட்சி.

"பாத்தா இருவத்தெட்டு இருக்கும்னாரு.
இருக்கும் சாமின்னோம்.
முன்னால நின்னவளுக்கு எழுதுனதையே
பின்னால நின்னவளுக்கும் எழுதுனாரு.
டீ வந்துச்சு, தொடல.
வியாழக்கெழம, ஒருபொழுதாம்."

அன்றிரவு லயத்துக்குக் கரண்ட் இல்லை.
மெழுகுவத்தி வைத்துக் கணக்குப் போட்டேன்.
இருபத்தெட்டு வருஷத்துக்கு ஒருமுறை
காலண்டர் தன்னிடமே திரும்பி வருகிறது,
கிழமை மாறாமல், பிப்ரவரி இருபத்தொன்பதோடு.
அந்த முகாம் சுவரில் தொங்கியது
எழுபத்தாறுதான்;
நாற்பத்தெட்டும் அதுவேதான்.
இரண்டிலும் ஜூலை ஒன்று வியாழன்.

ஆக, ஒருபொழுதுக்காரர் யோசிக்கவே இல்லை.
அன்றைய தேதியை எழுதி
வருஷத்தை மட்டும் பின்னால் தள்ளியிருக்கிறார்.
கரை இறங்கிய கையோடு
பிறந்துவிட்டார்கள் முப்பத்தொரு பேரும்,
தலையில் தகரப்பெட்டியோடு.

அவர் தள்ளிவிட்ட வருஷம் எதுவென்று
அவருக்குத் தெரிந்திருக்குமா?
நீங்கள் எங்கள் ஆட்கள் இல்லையென்று
அந்தத் தீவு சட்டம் எழுதிய வருஷம்.
நான் அவர்களிடம் சொல்லவில்லை.
அவர்களுக்குத் தெரியாதென்று
நினைக்க நான் யார்.

ஜூன் முப்பது, வெள்ளி.
ஆளுக்கொரு துண்டு, ஒரு பாக்கெட் தூள்,
மானேஜர் ரெண்டு நிமிஷம் பேசினார்.
ஆணிகளில் முப்பத்தொரு கூடைகள்.

மறுநாள் சனி. ஏழாம் காட்டில்
கொழுந்து முழங்கை உயரத்துக்கு எழும்பி நின்றது.
அட்டைகள்கூட ஆள் தேடின.
பத்து மணிக்கு மடுவத்துக்கு வந்தாள் மூக்காயி,
முதுகில் கூடை, தலையில் படங்குச் சாக்கு.

"எனக்கு அம்பத்தொண்ணுதான் சார்" என்றாள்.
பிறகு, "பொறந்த அன்னிக்கேவா வேலய விட்டு நிறுத்துவாங்க?"

தராசு பதினொரு கிலோ காட்டியது.
செக்ரோலில் அவளுக்கு வரி இல்லை.
பக்கத்தின் அடியில் ஈரமில்லாத இடமாகப் பார்த்து
தேதியை மட்டும் எழுதினேன்.