ஆமைக்குச் செலவான டேட்டா

சுகாதார நிலையத்துக்குப் பின்னால், ஆட்டுப்பட்டியைத் தாண்டி
ஒரு பாறை. அதன் மேல் நின்றால் சிக்னல் இரண்டு கோடு,
குதிகாலை உயர்த்தினால் மூன்று.
லெசோத்தோவின் இந்த மலையில்
என் மேல்படிப்பு முழுவதும் அங்கேதான் நடந்தது,
கம்பளியைத் தோளில் ஊக்கால் குத்திக்கொண்டு,
கையுறையில் கட்டைவிரலை மட்டும் வெட்டிவிட்டு.

பத்து மலோட்டிக்கு ஒரு நாள் டேட்டா.
அன்று படித்தது, பிறக்கும்போது தோள் சிக்குவதைப் பற்றி.
நர்சிங் பள்ளியில் பொம்மையை வைத்துச் செய்து காட்டினார்கள்;
பொம்மை சிக்கவே இல்லை.
தலை வரும், வந்த தலை
ஆமைபோல் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்றிருந்தது.
நான் ஆமையைப் பார்த்ததில்லை.
ஆகவே ஆமையைத் தேடினேன்.
எங்கோ ஒரு வெயிலில் அது கழுத்தை நீட்டிக்கொண்டிருக்க,
யாரோ ஓட்டைத் தட்ட,
விருட்டென்று கழுத்தே இல்லாமல் போயிற்று.
அதை இரண்டு முறை பார்த்ததில் டேட்டா தீர்ந்தது.
செய்ய வேண்டியவற்றில் முதல் வரிதான் வாசித்திருந்தேன்:
உதவிக்கு ஆள் கூப்பிடு.

மாலிநேயோ வந்தது ஜூலையில், பனியால் கணவாய் மூடிய அன்று.
பத்தொன்பது வயது. எங்கள் வழக்கப்படி
கல்யாணத்தன்றே புகுந்த வீட்டில் வைத்த பெயர்:
லிநேயோவின் அம்மா.
லிநேயோ பிறக்குமுன்பே அவளுக்கு அம்மா ஆனவள்.
குதிரையிலிருந்து இறங்கியதும் ஒரு தாளை நீட்டினாள்.
பதினோரு கேள்விகள்.
சுரங்கத்திலிருந்து புருஷன் அனுப்பியதையெல்லாம்
போனில் போட்டு இரவெல்லாம் படித்திருக்கிறாள்.
கொடியை எப்போது வெட்டுவீர்கள்?
கிழியுமா?
தைத்தால், மரத்துப்போக ஊசி உண்டா?
எனக்கு எரிச்சல்.
முந்தின இரவும் தூங்கவில்லை.
"போன் பிள்ளை பெற்றுத் தராது" என்றேன்.
பாதிக்குப் பதில் சொல்லி, தாளை மடித்து
அவள் தலையணைக்கடியில் வைத்தேன்.

விடியுமுன் தலை வந்தது.
வந்த தலை, கன்னம் உப்பி,
மெல்லத் திரும்பிப் போய் அழுந்திக்கொண்டது.
வெயில். ஓடு. தட்டிய விரல்.
உதவிக்கு ஆள் கூப்பிடு.
வெளியே பனி, குதிரைகள்,
கதவுக்கு அப்பால் மாமியாரின் ஜெபம்.
நாலு பதினேழு.
முட்டிகளை அவள் வயிற்றோடு மடக்கினேன்.
அடிவயிற்றை உள்ளங்கையால் அழுத்தினேன்.
நாலு பதினெட்டு.
வாயைத் திறந்தேன்,
பொறு என்று சொல்லவா, திரும்பு என்று சொல்லவா,
இன்றுவரை தெரியாது.

அவளே புரண்டாள்.
வெளியே ஒரு தலையோடு,
இரண்டு கையும் இரண்டு முட்டியும் ஊன்றி
தவழப்போகிறவள்போல் நின்றாள்.
"ஒன்பதாவது கேள்வி," என்றாள் மூச்சுக்கு நடுவே,
"நீங்கள் பதில் சொல்லாதது."

என் விரல் பின்தோளைக் கண்டது.
ஒரு சின்ன நெகிழ்வு. மிகச் சின்னது.
பிறகு முழுப் பாரமும் ஒரே வழுக்கலில்
என் முழங்கைவரை.
நீலம். துடைத்தேன். நீலம்.
முதுகைத் தேய்த்தேன்.
மலைக்கு இந்தப் பக்கம் எதுவுமே மூச்சுவிடாத நேரம் அது.
அப்புறம் லிநேயோ கத்தினாள், கோபமாக,
யாரோ ஓட்டைத் தட்டியதுபோல.

நாலு கிலோ இருநூறு.
ஒரு சின்னக் கிழிசல்.
மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத்தான் தைத்தேன்.
பதிவேட்டில் 'உதவியவர்' என்று ஒரு கட்டம் உண்டு,
ஆண்டுக்கணக்காகக் கோடு போட்டே பழகிய கட்டம்.
அன்று கோடு போடவில்லை.

மூன்றாம் நாள், அவள் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது
போனில் தங்கியிருந்த ஆமையைக் காட்டினேன்.
அவளும் ஆமையைப் பார்த்ததில்லை.
கழுத்து உள்ளே போனதும் படம் நின்றுவிடும், அவ்வளவுதான் அது.
அவள் போனைத் திருப்பித் தரவில்லை.
கறுத்துப்போன திரையையே
பார்த்துக்கொண்டிருந்தாள்,
அது மறுபடி வெளியே வரும்வரை.