படிந்த விலை

ஊர் கூடி என்னைத்தான் பேசச் சொன்னது.
இருபது வருடம் சந்தையில்
ஆட்டின் பல்லைப் பார்த்து வயது சொன்னவன்,
பாதி விலைக்குப் படியவைப்பவன் என்று
கடூனா சாலை நெடுக எனக்கொரு பெயர்.

அயூபா கைபேசியை என் கையில் திணித்துவிட்டு
இஞ்சிப் பாத்திகளுக்கு நடுவே போய்க் குந்திவிட்டான்.
தூக்கிப் போயிருந்தார்கள், அவன் மனைவி தலாத்துவை,
ஒன்பது வயது இஸ்திஃபானஸை.

இரண்டு கோடி நைரா, என்றது காடு.
நான் சிரித்துவிட்டேன்.
வேண்டுமென்று அல்ல. முதல் விலைக்குச் சிரிப்பது
எங்கள் தொழிலில் வணக்கம் சொல்வது போல.
மறுமுனையில் எதுவோ எதன் மீதோ அறைந்தது.
பிறகு ஒரு பிள்ளையின் மூச்சு.

நான்கு லட்சம், என்றேன்.
சொன்ன பிறகுதான் நாக் கூசியது.

வானொலியில் அபுஜாவிலிருந்து ஒருவர்:
பணம் கொடுப்பவன் கொள்ளையனுக்குத் தீனி போடுகிறான்,
அவனுக்கும் சிறை.
மின்சாரம் நிற்காத அறையில் உட்கார்ந்து பேசுபவரின்
தெளிவான குரல்.
அவர் சொன்னதில் பிழையும் இல்லை.

மூன்றாம் நாள் லராபா வந்தாள்.
போன அறுவடையில் அவள் கணவனைக் கொண்டுபோனார்கள்.
நான் கொடுத்தால் நாளை நீங்களும் கொடுக்க வேண்டிவரும் என்று
ஒரு நைராவும் கொடுக்காதவள்.
அவன் சட்டை மட்டும் திரும்பி வந்தது.
இடுப்புத் துணியின் முடிச்சை அவிழ்த்து
எட்டாயிரம் வைத்தாள்.
"அன்றைக்கு நான் சொன்னது சரிதான்," என்றாள்.
"இதையும் வைத்துக்கொள்."

ஆறாம் நாள், தன்னைக் கமாண்டர் என்றவன் சொன்னான்:
உன் குரலை எனக்குத் தெரியும்.
மழைக்கு முன்னால் உன்னிடம் ஒரு கிடா வாங்கினேன்.
நொண்டி. மறைத்து விற்றாய்.
அன்று எனக்காக நூறு நைரா குறைத்தாயா?

குறைக்கவில்லை.

அந்த நொண்டிக் கிடாவுக்காக
அதே மூச்சில் ஐந்து லட்சம் ஏற்றினான்.

முப்பத்தைந்து லட்சம், ஒரு பஜாஜ் வண்டி,
ரீசார்ஜ் அட்டை ஒரு கட்டு. அங்கே படிந்தது.
அயூபாவின் நிலம் போனது.
என் கிடாக்களும் போயின, அடிமாட்டு விலைக்கு.
வண்டியைக் காட்டு விளிம்பில் நிறுத்தும் முன்
புது இருக்கை அழுக்காகக் கூடாதென்று
ஒரு நீல உறை மாட்டினேன்.
ஏன் என்று கேட்காதீர்கள். கை தானாகச் செய்தது.

தலாத்து வந்தாள். குளித்தாள். எனக்குக் கஞ்சி ஊற்றினாள்.
"ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள்," என்றாள்.
"நான்கு லட்சம் என்றாய். இரண்டு பேருக்கு."
கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

நேற்று ஆற்றுக்கு அப்பாலிருந்து மூன்று பேர்.
வெள்ளிக்கிழமை இரவு அங்கே வந்த வண்டிகளில் ஒன்றுக்கு
நீல உறை இருந்ததாம்.
அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை அவர்கள்.
நன்றாகப் பேசுவீர்களாமே, என்றார்கள்.

எவ்வளவு கேட்கிறான், என்றேன்.
அவர்கள் சொல்லி முடிக்கும் முன்பே
என் நாக்கு அதைப் பாதியாக்கத் தொடங்கியிருந்தது.