பக்கத்துக் கேள்வி

பிரவுன்ஷ்வைக், பிப்ரவரி, இரவு இரண்டு மணி.
ஆய்வகத்தில் ஹீட்டர் மட்டும் முனகுகிறது.
ஐகன் மதிப்புகள் ஜோடி ஜோடியாக வரவேண்டும்:
ஒன்று, அதன் தலைகீழ்;
பெருக்கினால் ஒன்று.

வந்தது 0.8.
துணையாக வந்தது 1.31.
பெருக்கினேன். 1.048.
தாளில் எழுதி இன்னொரு முறை பெருக்கினேன்,
கடையில் மீதிச் சில்லறை எண்ணுகிறவளைப் போல.

தண்டவாளத்தின் அணிக்கோவை ஒரு மாலைமாற்று.
கெழுக்களைக் கடைசியிலிருந்து படித்து
நிரையை நிரலாக்கினால்
அதே கோவை திரும்பி வந்து நிற்கும்,
விகடகவி என்ற சொல்லைப் போல.
கிழக்கே போவதற்கும் மேற்கே வருவதற்கும்
ஒரே எஃகு, ஒரே கட்டை, ஒரே ஜல்லி.

பிழையை அளந்தேன்.
பதினாறாம் தசம இடத்தில் ஒரு தூசி.
"இதற்கு மேல் என்ன வேண்டும் உனக்கு?
விடை தப்பில்லை, வீப்கே.
பக்கத்துக் கேள்வி ஒன்றுக்கு
அச்சுப் பிசகாத விடை"
என்றான் லுபோர், கோட்டை மாட்டிக்கொண்டே.

பக்கத்துக் கேள்விதான்.
ஆனால் அது எந்தத் தண்டவாளத்தைக் கேட்கிறது?
போகும்போது ஒரு கனம்,
திரும்பும்போது வேறு கனம் உள்ளதை.
அப்படி ஒன்றை எந்த ஆலையும் வார்த்ததில்லை.
தூசிதான்;
இந்த அமைப்புக்குள் அது பிழைக்காது.

மேசையில் பைனே ஊரிலிருந்து வந்த புகார்க் கடிதம்.
இரவு வேலை பார்க்கும் டெட்லெஃப் க்ருஷ்விட்ஸ் எழுதுகிறார்:
மூன்று பத்துக்குக் கிழக்கே போகும் சரக்கு ரயிலுக்கு
என் கண்ணாடி அலமாரி நடுங்குகிறது.
மேற்கே வருவதற்கு அசைவதே இல்லை.

என் தப்பான விடையும்
அதையேதான் சொல்கிறது.
அரை மணி நேரம்
அதை நம்பிவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு முதலிலிருந்து தொடங்கினேன்.
இருபடியை நேர்கோவையாக விரித்த இடத்தில்தான்
மாலை அறுந்திருந்தது.
விரிப்பும் முன்பின் ஒன்றாய் இருக்கும்படி
மாற்றிக் கோத்தேன்.
விடியும்போது 0.8. பக்கத்தில் 1.25.
யாருக்காவது சொல்லலாம் என்று பார்த்தால்
பெருக்குகிற அம்மாள் மட்டும் இருந்தார்.
"நல்லது, காலைத் தூக்குங்கள்" என்றார்.

அடுத்த வாரம் பைனேயில்
க்ருஷ்விட்ஸின் சமையலறை.
"கணக்கு என்ன சொல்கிறது?"
"தண்டவாளத்துக்குத் திசை தெரியாது என்று."
"பெட்டிக்குத் தெரியுமே.
போகும்போது பழைய இரும்பு,
வரும்போது வெறும் காற்று."

ரயிலின் பாரத்தை
எவருமே என்னிடம் கேட்டிருக்கவில்லை;
நானும் கேட்டிருக்கவில்லை.

பையில் கிடந்தது அந்த இரவின் தாள், 1.31 உள்ள தாள்.
எட்டாக மடித்து
அலமாரியின் ஆடும் காலுக்கு அடியில் செருகினேன்.
விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம்.

மூன்று பத்து.
தரை முதலில் சொன்னது, பிறகு சுவர்.
ஒரே ஒரு கிண்ணம்
கொஞ்ச நேரம் பேசிவிட்டு
நிறுத்திக்கொண்டது.